நம் ஸ்விங்கைப் பார்க்கிற கோச்

கோல்ஃப் கோச் தேடுகிறவர்கள் முதலில் விசாரிப்பது "அவர் எப்படி ஆடுவார்?" என்பதைத்தான். ஹேண்டிகேப் (ஆட்டத் திறமையைக் காட்டும் எண்) என்ன, எங்கே ஜெயித்தார், டிரைவரில் (தூரமாக அடிக்கும் மட்டை) எத்தனை கெஜம் போகும். என்னைக் கேட்டால் இதெல்லாம் கடைசியாக விசாரிக்க வேண்டியவை. நன்றாக ஆடுகிற பல பேருக்குத் தான் எப்படி ஆடுகிறோம் என்று சொல்லத் தெரியாது. சொல்லத் தெரிந்தாலும், அவர் உடம்புக்கு ஒத்துவந்தது நம் உடம்புக்கும் ஒத்துவரும் என்று என்ன நிச்சயம்? நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு இறுகிப்போன ஒருவரிடம் இருபது வயசுப் பையனின் தோள் திருப்பத்தை எதிர்பார்த்தால், மிஞ்சுவது முதுகுவலிதான்.

டெக்சாஸில், ஆஸ்டின் நகரத்தில், ஹார்வி பெனிக் என்று ஒரு கோச் இருந்தார். பின்னாளில் பெரிய ஆட்டக்காரர்களான பென் கிரென்ஷா, டாம் கைட் இருவரும் சிறுவயதிலிருந்தே அவரிடம் கற்றவர்கள். கிரென்ஷாவுக்கு ஆட்டம் இயல்பாக வந்தது. கைட் பயிற்சியிலேயே கிடந்து வளர்ந்தவர். ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மற்றவரைப் பக்கத்தில் நின்று பார்க்கவே பெனிக் விடமாட்டாராம். இவனுக்குச் சொன்ன மருந்தை அவன் எடுத்துச் சாப்பிட்டுவிடக் கூடாதே! கோல்ஃபின் பெரிய போட்டிகளில் ஒன்றான யு.எஸ். ஓப்பனை கைட் 1992-ல் ஜெயித்தார். அதே மாதிரிப் பெரிய போட்டியான மாஸ்டர்ஸை கிரென்ஷா இரண்டு முறை ஜெயித்தார். இரண்டாவது, 1995-ல், பெனிக் இறந்து அடக்கம் நடந்த அதே வாரத்தில். ஒரே ஆசிரியர்தான், ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே பாடம் நடத்தவில்லை.

அமெரிக்க ஆட்டக்காரர் ஜிம் ஃபியூரிக்கின் ஸ்விங்கை, அதாவது மட்டை வீசும் விதத்தை, பார்த்திருப்பீர்கள். கிளப் (மட்டை) மேலே ஒரு வழியாகப் போகும், ஒரு சுற்றுச் சுற்றி வேறு வழியாக இறங்கும். அவருக்குக் கோச் அவருடைய அப்பா. அந்தச் சுற்றலை நேராக்க அவர் கிளம்பவில்லை, ஏனென்றால் பந்தைத் தொடும் இடத்தில் கிளப் வரவேண்டியபடி வந்துகொண்டிருந்தது. அந்த ஸ்விங்கோடுதான் 2003-ல் யு.எஸ். ஓப்பன், அதோடுதான் 2016-ல் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளான பிஜிஏ டூரில் ஒரே ரவுண்டை 58 அடிகளில் முடித்தது (கோல்ஃபில் அடி குறையக் குறைய நல்லது). வீடியோவை நிறுத்தி, பக்கத்தில் டைகர் வுட்ஸ் படத்தை வைத்து, மேலே கோடு போட்டுக் காட்டுகிற கோச்சிடம் ஃபியூரிக் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சரி, ஒரு கோச்சுக்கு விஷயம் தெரியுமா என்று நமக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லும் சோதனை ஸ்லைஸ். நம்மில் பெரும்பாலோருக்கு இருக்கும் வியாதி அதுதானே! வலதுகைக்காரர் அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுகிறது. "ஏன் சார் இப்படிப் போகுது?" என்று கேளுங்கள். பந்து கிளம்பும் திசையைக் கிளப் வரும் பாதைதான் தீர்மானிக்கிறது என்று வெகுகாலம் சொல்லிக்கொடுத்தார்கள். பந்தின் ஓட்டத்தை அளக்கும் ரேடார் கருவிகள் வந்த பிறகு அது தலைகீழானது: பந்து கிளம்புவது பெரும்பாலும் கிளப்பின் முகம் பார்க்கும் திசையில், வளைவது, அந்த முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தால். இது தெரியாதவர் எடுத்த எடுப்பில் "உள்ளேயிருந்து வெளியே அடிங்க" என்பார். முகம் திறந்தே கிடக்க, பாதையை மட்டும் மாற்றினால் பந்து இன்னும் வலதுபக்கம் போய்த் தொலையும்.

தெரிந்தவர் முதலில் கையைப் பார்ப்பார். கிளப்பைப் பிடித்துக் கீழே குனிந்து பார்க்கும்போது இடது கையில் ஒரே ஒரு விரல்முட்டிதான் தெரிகிறது என்றால், அந்தக் கையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி, இரண்டு மூன்று முட்டி தெரியும்படி வைப்பார். முதல் சில பந்துகள் வேறு யாரோ கையை வைத்து அடிப்பதுபோல இருக்கும். கிளப்பின் முகத்தில் பவுடர் தெளித்து, பந்து எங்கே பட்டிருக்கிறது என்று தடத்தையும் காட்டுவார். அந்தத் தடம் நுனிப்பக்கம் இருக்கிறதா, தண்டு சேரும் பக்கம் இருக்கிறதா என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். டிராக்மேன் என்கிற அந்த ரேடார் கருவி இருந்தால் நல்லதுதான். ஆனால் திரையில் ஓடும் இருபது எண்ணையும் ஒப்பிக்கிறவரைவிட, அதில் ஒன்றைச் சுட்டி "இன்னிக்கு இது மட்டும்" என்கிறவர் மேல்.

இந்த 'மட்டும்' எனக்கு முக்கியம். ஸ்விங் தொடங்கிப் பந்தைத் தொட ஒன்றரை வினாடிகூட ஆகாது. அதற்குள் முழங்கை, இடுப்பு, மணிக்கட்டு, எடை மாற்றம் எல்லாவற்றையும் யாரால் யோசிக்க முடியும்? ஒரு வகுப்புக்கு ஒரு மாற்றம் போதும். அடுத்த வகுப்பில் போனதடவை என்ன சொன்னோம் என்பதை அவர் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு புதுத் திருத்தம் கொண்டுவருகிறவர், நேற்று இரவு எதையோ பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

"தலையைத் தூக்கிட்டீங்க" என்பதை மட்டுமே சொல்லத் தெரிந்தவர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) பக்கத்து விரிப்பில் நிற்பவர் அதை இலவசமாகவே சொல்வார். காசு கொடுத்தும் அதைக் கேட்க வேண்டுமா? தலை தூக்குவது பெரும்பாலும் விளைவு. காரணம் வேறெங்கோ இருக்கும்.

முதல் வகுப்பில் அவர் எப்போது வாயைத் திறக்கிறார் என்று கவனியுங்கள். கிளப்பைத் தொடும் முன்னாலேயே "முதுகு, தோள், முட்டி எங்கயாவது வலி இருக்கா? வாரத்துல எத்தனை நாள் பயிற்சி பண்ண முடியும்? ஸ்கோர் குறையணுமா, இல்ல நண்பர்களோட மானம் போகாம ஆடினா போதுமா?" என்று கேட்கிறவர் என் கட்சி. வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் ஒதுக்க முடிகிறவருக்கு முழு ஸ்விங் மாற்றம் என்பது கொடுமை. நேர்மையான கோச் அதை முகத்துக்கு நேரே சொல்வார். ஒரு வருஷத்துக்கான பணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொல்ல மாட்டார்.

ஸ்கோர் கார்டையும் கேட்க வேண்டும். பட்டிங்தான் (பந்தைக் குழிக்குள் உருட்டுவது) எல்லாம் என்பது பழைய பேச்சு. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அடித்த அடிகளின் தரவுகளை அலசி, நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரானவருக்கும் உள்ள வித்தியாசத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு நூறு கெஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில்தான் வருகிறது என்று காட்டினார். அதற்காக எல்லாருக்கும் டிரைவர் பாடமே எடுக்கலாம் என்றில்லை. உங்கள் அடிகள் எங்கே வீணாகின்றன என்பது உங்கள் கார்டில்தான் இருக்கிறது. பங்கரில் (மணல் குழியில்) இறங்கினால் மூன்று அடி ஆகிறது என்றால் பாடம் பங்கரில்தான் நடக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று கேட்டுவிடுங்கள்: மைதானத்துக்கு வந்து சில குழிகளாவது கூட நடப்பாரா? ரேஞ்சின் செயற்கைப் புல் நம்மை நன்றாக ஏமாற்றும். பந்துக்குப் பின்னால் தரையில் பட்டாலும் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும், சத்தமும் நன்றாகவே கேட்கும். நிஜப் புல்லில் அதே அடி மண்ணில் குத்தி நின்றுவிடும். சரிவில் பந்து காலுக்கு மேலே கிடக்கும்போது எங்கே குறி வைப்பது, மரத்துக்குப் பின்னால் மாட்டினால் குழி இருக்கும் கிரீனை நோக்கி அடிப்பதா, பக்கவாட்டில் வெளியே எடுப்பதா என்பதெல்லாம் ரேஞ்ச் விரிப்பில் நின்று கற்கிற விஷயம் இல்லை. "அதெல்லாம் ஸ்விங் சரியான பிறகு பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால், நான் வேறு ஆளைத் தேடப் போய்விடுவேன்.