வேலிக்கு அங்காலை போனா அவுட்

இடம்: கொக்குவிலில் ஒரு வீட்டு முற்றம். ஒரு பக்கம் கிணறு, மறுபக்கம் தகரவேலி. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டார் பாயில் மிளகாய் காயப்போட்டிருக்கிறார்கள். பெரியம்மா ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர். பாடசாலை மட்ச்சுகளுக்கு ஸ்கோர் புத்தகம் எழுதியவர். கஜன் அவருடைய பெறாமகன். மென்பந்தில் பெயர்போன சிக்ஸர்க்காரன். வருகிற சனிக்கிழமை கடினப்பந்தில் இரண்டு நாள் மட்ச்; கழகம் அவனை ஓப்பினராக, முதலாவதாக இறங்கும் துடுப்பாட்டக்காரனாக, போட்டுவிட்டது.

கஜன்: என்ன பெரிய சோலி, பெரியம்மா? முதல் ஓவரிலையே போலரைத் தூக்கி அடிச்சா அவன் பேந்து பந்து போட வரமாட்டான்.

பெரியம்மா: அவன் வருவான். நீ அங்கை நிக்கமாட்டாய். 2024 நவம்பர், டர்பன். ஞாபகம் இருக்கோ?

கஜன்: அதையேன் இப்ப கிண்டுறியள்? தென்னாபிரிக்காவோட டெஸ்ட்டிலை இலங்கை 42க்கு ஓல் அவுட்.

பெரியம்மா: எத்தினை ஓவர்?

கஜன்: பதின்மூண்டோ என்னவோ.

பெரியம்மா: 13.5. பந்துக் கணக்கிலை 83. அதைப் பத்து விக்கெட்டாலை பிரி. ஒரு விக்கெட்டுக்கு எட்டுப் பந்து சொச்சம். மார்கோ யான்சன் எண்ட அந்த நெட்டையன் 13 ஓட்டத்துக்கு 7 விக்கெட்.

கஜன்: மேற்கிந்தியா எங்களைவிட மோசம் பெரியம்மா. 2025 யூலை, கிங்ஸ்டன் டெஸ்ட்டிலை 27க்கு ஓல் அவுட்.

பெரியம்மா: அது 14.3 ஓவர். அஞ்சு நாள் விளையாட வந்தவை, இருபது ஓவர்கூட நிண்டு பிடிக்கேல்லை. டி20க்கே காணாது.

கஜன்: இப்ப டி20யைத் திட்டப்போறியள். எனக்குத் தெரியும்.

பெரியம்மா: முழுப்பழியும் அதிலை போடமாட்டன். 1955இலை நியூசிலாந்து ஒக்லண்டிலை 26க்குச் சுருண்டது. அப்ப ஆர் டி20 விளையாடினது? ஆனா அப்ப நல்ல பந்துக்கு ஆட்டமிழந்தவையும் கனபேர். இப்ப விட்டிருக்கவேண்டிய பந்தைத் தேடிப்போய்த் தொடுறாங்கள். சரி, பட்டைப் பிடி. பன்னிரண்டு பந்து. ஸ்ரம்ப்புக்கு வாறதை மட்டும் விளையாடு. வெளியாலை போறதை விடு. வேலிக்கு அங்காலை போனா அவுட்.

கஜன்: ரெனிஸ் போல்தானே? அதுக்கேன் பாதிப் பக்கத்துக்கு இன்சுலேசன் ரேப்?

பெரியம்மா: ஒட்டின பக்கம் வழுக்கும், மற்றப் பக்கம் சுணையாக் கிடக்கு. அதாலை காத்திலை வளையும். பதினாலு யாரிலையிருந்து நான் எறிஞ்சாலும் காணும்.

(முதல் பந்து. கஜன் காலை விலக்கி ஒரு இழுப்பு இழுக்கிறான். பந்து தகரத்துக்கு மேலால் போகிறது.)

கஜன்: சிக்ஸ்!

பெரியம்மா: அவுட். போய் எடுத்துக்கொண்டு வா. சிந்தின மிளகாயையும் பொறுக்கிப் பாயிலை போட்டிட்டு வா.

(கஜன் தும்மிக்கொண்டு திரும்பி வருகிறான்.)

கஜன்: அடி வடிவா விழுந்ததெண்டாவது சொல்லுங்கோவன்.

பெரியம்மா: வடிவுதான். உன்ர முன்கால் எங்கை போனதெண்டு பாத்தனியோ? லெக் பக்கம், கிணத்தடிக்கு. டி20க்கு அது சரி. கால் விலகினாத்தான் கை சுழலும். சிவப்புப் பந்து வெளியாலை வளைஞ்சா, கால் ஒரு பக்கம், பட் மற்றப் பக்கம். தலை இரண்டுக்கும் நடுவிலை என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நிக்கும்.

(இரண்டாவது பந்து. பட்டின் விளிம்பில் பட்டுப் பின்னால் பறக்கிறது.)

கஜன்: தேர்ட்மானுக்கு நாலு!

பெரியம்மா: டி20இலை நாலு. முதல் ஆறு ஓவருக்கு வட்டத்துக்கு வெளியிலை இரண்டு பேர்தான், கீப்பருக்குப் பக்கத்திலை, சிலிப்பிலை, ஒருத்தனைக் காண்றதே அருமை. சனிக்கிழமை அந்த இடத்திலை மூண்டு சிலிப், அதுக்குப் பக்கத்திலை ஒரு கலி, நாலு பேரும் கைவிரிச்சு உன்னைப் பாத்துக்கொண்டு நிப்பாங்கள். எட்ஜ் படுறது பெரிய பிழையில்லை, சங்கக்காரவுக்கும் பட்டிருக்கும். பட்டது சிலிப்புக்குப் போய்ச் சேர்ந்ததுதான் பிழை.

கஜன்: அதை நான் எப்பிடி மறிக்கிறது?

பெரியம்மா: கையாலை. நீ பட்டை இறுக்கிப் பிடிச்சு முன்னுக்குத் தள்ளுறாய், பந்து பாய்ஞ்சு போகுது. மேல் கை மட்டும் இறுக்கம். கீழ்க் கை பெருவிரலும் சுட்டுவிரலும் போதும், பழுத்த பப்பாசிப் பழத்தைப் பிடிக்கிற அளவுக்கு. அப்ப எட்ஜ் பட்டாலும் சிலிப்புக்கு முன்னாலை விழுந்திடும்.

கஜன்: அப்பிடிப் பிடிச்சா அடி எப்பிடி வரும்?

பெரியம்மா: ஆர் உன்னை அடிக்கச் சொன்னது?

(மூன்றாவது பந்து உள்ளே வளைகிறது. பட்டுக்கும் காலுக்கும் நடுவால் புகுந்து ஸ்ரம்ப்பாக நட்ட கமுகஞ்சலாகையைச் சாய்க்கிறது.)

பெரியம்மா: அந்த இடைவெளியாலை நானே நடந்து போவன். முன்கால் பந்து குத்திற இடத்துக்குக் கிட்டப் போகவேணும். முழங்கால் மடங்கவேணும், தலை அதுக்கு நேரே மேலை வரவேணும். பட் காலோட ஒட்டி வரவேணும், முழங்கை மேலை, பட்டின்ர முகம் கொஞ்சம் நிலத்தைப் பாக்கவேணும். பந்தைத் தேடிப் போகாதை. உன்ர கண்ணுக்குக் கீழை வரட்டும், அங்கை வைச்சு விளையாடு.

கஜன்: இத்தினையையும் யோசிக்க முந்தி பந்து கீப்பரிட்டைப் போயிடும்.

பெரியம்மா: போனா நல்லது. நீ அவுட் இல்லை.

(நாலாவதும் ஐந்தாவதும் காலடியில் செத்து விழுகின்றன. கஜன் பட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.)

கஜன்: சத்தமே வரேல்லை.

பெரியம்மா: அதுதான் சரியான சத்தம். இப்ப கார்ட். எங்கை நிக்கிறாய்?

கஜன்: லெக் ஸ்ரம்ப்.

பெரியம்மா: நடு ஸ்ரம்ப்புக்கு வா. பந்து வரேக்கை ஒரு சின்ன அடி குறுக்கை வை. இப்ப கண் ஓஃப் ஸ்ரம்ப்புக்கு நேரே நிக்கும். உன்ர கண்ணுக்கு வெளியாலை வாறது ஒண்டும் ஸ்ரம்ப்பிலை படாது, விடலாம். இது தெரியாமல் லெக் ஸ்ரம்ப்பிலை நிண்டால் ஓஃப் ஸ்ரம்ப் எங்கையெண்டு ஒவ்வொரு பந்துக்கும் தேடிக்கொண்டிருப்பாய். விடேக்கை கையை உயர்த்தி விடு. பட்டைத் தொங்கப்போட்டு விட்டால் பந்தே வந்து பட்டிலை படும்.

(ஆறாவது, ஏழாவது. கஜன் கையைத் தூக்கிக்கொண்டு பந்துக்கு வழி விடுகிறான்.)

கஜன்: விட்டதுக்கு ஆர் பெரியம்மா பப்பரே பாண்ட் அடிப்பாங்கள்? யாழ். மத்திய கல்லூரியும் சென். ஜோன்சும் மோதுற வடக்கின் பெரும் போரிலையும் நாலு அடிச்சாத்தானே சனம் ஆடும்.

பெரியம்மா: 1904இலையிருந்து அப்பிடித்தான். அதுக்காகச் சனத்தின்ர ஆட்டத்தைப் பாத்து மட்ச்சை எழுதேலாது. புதுப்பந்து மினுமினுப்போட இருக்கிற முதல் இருபது ஓவரை நீ தின்னவேணும். வெள்ளைப் பந்து கெதியா வளைவை விட்டிடும். சிவப்பு அப்பிடியில்லை. 80 ஓவர் போனாப்பிறகு திரும்பவும் ஒரு புதுசு எடுப்பாங்கள்.

கஜன்: குசல் பெரேரா டி20 ஆள்தானே? 2019இலை அதே டர்பனிலை அடிச்சு வெண்டவரே!

பெரியம்மா: அதே மைதானம்தான். 304 எடுக்கவேணும், 153 நொட் அவுட், 200 பந்து. அடிச்சதை எல்லாரும் சொல்லுவினம். கடைசி விக்கெட்டுக்கு 78 சேர்த்தாங்கள். மற்றப் பக்கம் விஷ்வ பெர்ணான்டோ 27 பந்துக்கு 6. அந்த 27 பந்தை ஆரேன் கதைக்கினமோ? அடிக்கிறவனுக்கும் எதை விடுறதெண்டு தெரிஞ்சிருக்கவேணும், அவ்வளவுதான்.

கஜன்: பிறகேன் இப்ப எங்கடையாக்கள் சுருளுறாங்கள்?

பெரியம்மா: பழக்கம் எங்கை கிடைக்குது? 2025 முழு வருசத்துக்கும் இலங்கை விளையாடினது நாலே நாலு டெஸ்ட். டி20 லீக்கிலை ஓட்டம் எடுக்காமல் டொட் போல் விட்டா அடுத்த மட்ச்சிலை பேர் இல்லை. காசும் அங்கை. பொடியள் எதைப் பழகுவாங்கள்? எனக்கு அவங்களிலை கோவமில்லை. அட்டவணை போடுறவையிலைதான் கோவம். எட்டாவது பந்து வருது, கதையை விட்டிட்டு நில்.

(எட்டு, ஒன்பது, பத்து. மூன்றும் வெளியால் போகின்றன. மூன்றையும் விடுகிறான். முகத்தில் வெற்றிக்களை.)

கஜன்: பாத்தியளோ? இனி எனக்கு ஆரும் பந்து போடேலாது!

(பதினோராவது. வெளியே குத்தி உள்ளே வளைகிறது. கஜன் அழகாகக் கையைத் தூக்குகிறான். கமுகஞ்சலாகை சரிகிறது.)

கஜன்: நீங்கள்தானே விடச் சொன்னனீங்கள்!

பெரியம்மா: ஸ்ரம்ப்புக்கு வாறதை விடச் சொன்னனானோ? பதினொரு பந்து, நாலு தரம் அவுட், ஓட்டம் 0.

கஜன்: அந்தச் சிக்ஸ்?

பெரியம்மா: அதை மிளகாய்க்காரர் எழுதி வைச்சிருப்பினம். 2014 யூன், ஹெடிங்லி. இங்கிலாந்தின்ர அன்டர்சன் எங்கடையாக்களுக்கு எதிரா 55 பந்து நிண்டவர். 0 ஓட்டம். மட்ச் முடிய ஒரு பந்து மிச்சமிருக்கேக்கைதான் எங்கட எரங்க அவரை அவுட்டாக்கினவர். அதுவரைக்கும் எங்கடையாக்களுக்கு வயித்துக்குள்ளை நெருப்பு.

கஜன்: பெரியம்மா, அவர் பதினோராம் ஆள்!

பெரியம்மா: ஓம். நீ ஓப்பினர்.