பெயர் முன்னே வந்தது, நாடு பின்னே வந்தது

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்த என் போன்றவர்களுக்கு முதல் பாடமாக வாய்த்தது பேயோவுல்ஃப். 3182 அடிகள் கொண்ட அந்தக் காவியம் இங்கிலாந்தில் நடக்கவே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. டென்மார்க்கின் மன்னர் மண்டபத்தை ஓர் அரக்கன் சூறையாடுகிறான். அவனைக் கொல்ல வருபவன் தென் ஸ்வீடனின் கேயட் குலத்தவன். ஆங்கிலத்தின் ஆதி காவியம் என்று நாங்கள் ஒப்பித்த நூலின் முக்கியப் பாத்திரங்களில் ஓர் ஆங்கிலேயர்கூட இல்லை. அப்படியானால், ‘நாங்கள் ஆங்கிலேயர்’ என்ற நினைப்பு அவர்களுடைய எழுத்தில் எங்கே தொடங்கியது? இங்கிலாந்து என்ற அரசு உருவாவதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு துறவியின் மடத்தில், அதுவும் லத்தீன் மொழியில் தொடங்கியது என்பதே என் கருத்து.

அந்தத் துறவியின் பெயர் பீட். ஏழு வயதில் மடத்தில் விடப்பட்டு, இன்றைய வட இங்கிலாந்தில் இருந்த நார்தம்ப்ரியா அரசின் ஜாரோவில் வாழ்நாளைக் கழித்தவர். 731இல் அவர் எழுதி முடித்த நூலின் பெயரே ‘ஆங்கில இனத்தின் திருச்சபை வரலாறு’. இனம் என்று ஒருமையில் எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் எழுதிய நாளில் நார்தம்ப்ரியா, மெர்சியா, வெசெக்ஸ், கென்ட் எனத் தனித்தனி அரசுகள் இருந்தன. ஒன்றோடொன்று போரிட்டுக்கொண்டும் இருந்தன. ஆங்கில்கள், சாக்சன்கள், ஜூட்கள் என மூன்று கூட்டத்தார் கடல் கடந்து வந்ததாக அவரே எழுதுகிறார். பின் எப்படி எல்லோரும் ஒரே இனம் ஆனார்கள்? ஒரே திருச்சபையின் கீழ் வந்ததால் ஆனார்கள் என்பதுதான் பீட் தரும் விடை.

பெயருக்கும் அவர் ஒரு கதை வைத்திருக்கிறார். ரோமாபுரிச் சந்தையில் வெளுத்த மேனியும் அழகிய கூந்தலும் கொண்ட சிறுவர்கள் விற்பனைக்கு நிற்கிறார்கள். பின்னாளில் போப்பாண்டவரான கிரிகோரி, இவர்கள் எந்த இனம் என்று கேட்கிறார். ‘ஆங்கிலி’ என்று பதில் வருகிறது. பொருத்தம்தான், இவர்கள் தேவதூதர்களைப் போல, ‘ஆஞ்சலி’ போல இருக்கிறார்களே என்கிறார் அவர். காளமேகத்தைப் படித்தவர்களுக்கு இந்தச் சிலேடை சுமார் ரகம்தான். ஆனால் அதன் விளைவு சுமாரானதன்று. அடிமைச் சந்தையில் நின்ற சிறுவர்களுக்கு ஒரு வெளிநாட்டவர் சொன்ன சொல், ஓர் இனத்தின் பிறப்புச் சான்றிதழாக எழுத்தில் நிலைத்துவிட்டது. அதே கிரிகோரி அனுப்பிய அகஸ்டின்தான் 597இல் கென்ட்டில் வந்திறங்கி மதமாற்றத்தைத் தொடங்கினார். அண்டை வீட்டாரான வேல்ஸ் மக்களோ இன்றுவரை ஆங்கில மொழியை ‘சாக்சன் மொழி’ என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். ரோமாபுரி வைத்த பெயர் வீட்டுக்குள் வென்றது. பக்கத்து வீட்டில் வெல்லவில்லை.

இந்தக் கதையின் மறுபக்கத்தை நாம் மறந்துவிடக்கூடாது. 6ஆம் நூற்றாண்டில் கில்டாஸ் என்ற துறவி, இவர்கள் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் வாழ்ந்த பிரித்தானியரைச் சேர்ந்தவர், தம் மக்களின் பாவத்துக்காகக் கடவுள் அனுப்பிய தண்டனையே சாக்சன்கள் என்று புலம்பி எழுதினார். அந்தப் புலம்பலை எடுத்த பீட், அதையே வந்தேறிகளின் உரிமைப் பத்திரமாக்கினார்: பாவம் செய்தவர்கள் நிலத்தை இழந்தார்கள், கடவுள் தேர்ந்தெடுத்தவர்கள் பெற்றார்கள். மண்ணின் பழைய மக்களைக் குறித்த ‘வேயால்ஹ்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லுக்கு அயலார் என்பது பொருள். போகப்போக அடிமை என்ற பொருளும் அதில் ஏறியது. வேல்ஸ் என்ற இன்றைய பெயர் அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். பீட்டின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனாலும் இந்த இடத்தில் அவரை மன்னிக்க மனம் வரவில்லை.

லத்தீனில் பிறந்த இந்த நினைப்பை வீட்டு மொழிக்குக் கொண்டுவந்தவர் வெசெக்ஸ் மன்னர் ஆல்ஃபிரட். 878இல் எடிங்டனில், கடல் கடந்து படையெடுத்து வந்த டேனியர்களை வென்ற பிறகு, அதே கிரிகோரி எழுதிய ஆயர் (பிஷப்) பணி நூலை மொழிபெயர்த்து, ஒரு முன்னுரையோடு ஆயர்களுக்கு அனுப்பினார். தாம் அரியணை ஏறியபோது தேம்ஸ் நதிக்குத் தெற்கே லத்தீனை மொழிபெயர்க்கத் தெரிந்த ஒருவரைக்கூட நினைவுகூர முடியவில்லை என்று அதில் வருந்துகிறார். எபிரேயத்திலிருந்து கிரேக்கர்களும் பின்னர் லத்தீன்காரர்களும் வேதத்தைத் தத்தம் மொழிக்கு மாற்றிக்கொண்டதைச் சுட்டி, வசதியுள்ள சுதந்திரக் குடிகளின் பிள்ளைகள் அனைவரும் ஆங்கில எழுத்தைப் படிக்கக் கற்க வேண்டும் என்று கேட்கிறார். சில இடங்களில் சொல்லுக்குச் சொல், சில இடங்களில் கருத்துக்குக் கருத்து மொழிபெயர்த்தேன் என்று அவர் சொல்வதை நம் மொழிபெயர்ப்பாளர்கள் இன்றும் அப்படியே சொல்லலாம். பிறப்பால் சாக்சன் மன்னரான அவர், தம் மக்களை ‘ஆங்கெல்கின்’ (ஆங்கில இனம்) என்றும் தம் மொழியை ‘எங்லிஷ்’ என்றும்தான் எழுதுகிறார். அவர் ஆண்டதோ தெற்கும் மேற்கும் மட்டுமே. சொல்லின் எல்லை அவருடைய அரசின் எல்லையைவிடப் பெரியதாக இருந்தது.

அவருடைய பேரன் ஏத்தல்ஸ்தான் 927இல் நார்தம்ப்ரியாவையும் சேர்த்துக்கொண்ட பின்தான் நாடு அந்தச் சொல்லை எட்டிப் பிடித்தது. 937இல் அவர் வென்ற புரூனன்பர் போரைப் பாடும் கவிதை, ஆங்கில்களும் சாக்சன்களும் கடல் கடந்து வந்த நாள் முதல் இப்படியொரு படுகொலை நடந்ததில்லை என்று முடிகிறது. அதற்குச் சான்றாகப் புத்தகங்களைக் காட்டுகிறது. வாளின் பெருமையைப் பாடும் கவிஞன் ஏட்டைச் சாட்சிக்கு அழைக்கிறான்.

1014இல் யார்க் பேராயர் வுல்ஃப்ஸ்தான், டேனியர்களின் தாக்குதலுக்கு நடுவே தம் மக்களை நோக்கி ஒரு கடும் பிரசங்கம் செய்தார். அதில் கில்டாஸைப் பெயர் சொல்லியே நினைவூட்டினார்: பாவத்தால் பிரித்தானியர் நாட்டை இழந்தார்கள், இப்போது நம் முறை வந்திருக்கிறது. 1016இல் டேனியரான கனூட் அரியணை ஏறினார். அவருடைய சட்டத் தொகுப்பை எழுதிக் கொடுத்தவர் அதே வுல்ஃப்ஸ்தான். எழுதிய மொழி ஆங்கிலம்.