அந்தக் கோடி சிலைக்கு மட்டும் போனதல்ல

ஒருவர், இங்கிலாந்தின் நியூபிகின் என்ற கடலோரச் சிற்றூரில் "இரண்டு பொம்மைகளுக்கு ஒரு கோடி பவுண்ட் கொட்டினார்கள்" என்று எழுதியிருக்கிறார். தொகை சரி, கணக்குத்தான் தவறு. அது கரைப் பாதுகாப்புத் திட்டம் முழுவதற்குமான செலவு.

நிலக்கரிச் சுரங்கங்களால் நிலம் தாழ்ந்து, அலையும் அரித்ததில் அந்தக் கடற்கரையில் மணலே இல்லாமல் போயிருந்தது. 2007இல் இங்கிலாந்தின் இன்னொரு கடலோர ஊரான ஸ்கெக்னஸ் பக்கமிருந்து சுமார் 5 லட்சம் டன் மணலைக் கப்பலில் கொண்டுவந்து நிரப்பினார்கள். அந்த மணல் மறுபடி அடித்துச் செல்லப்படாமலிருக்க விரிகுடாவில் ஒரு அலைத்தடுப்புச் சுவரும் கட்டினார்கள். பணத்தின் பெரும்பகுதி இந்த மணலும் கல்லும் விழுங்கியதுதான். ஷான் ஹென்றியின் 'கப்பிள்' சிற்பம் அந்தச் சுவரின்மேல் நிற்கிறது: கடலைப் பார்த்தபடி ஓர் ஆணும் பெண்ணும், வண்ணம் பூசிய வெண்கலத்தில்.

அப்புறம், "கரையிலிருந்து பார்த்தால் முதுகுதான் தெரிகிறது" என்ற புகார். உண்மைதான், ஆனால் கிட்டத்தில் பார்க்க உலாப்பாதையிலேயே சிறிய வடிவம் ஒன்று இருக்கிறது. சிலை பிடிக்கவில்லை என்றால் தாராளமாகத் திட்டுங்கள், எனக்கும் அந்த வண்ணப்பூச்சு அவ்வளவாக ஒட்டவில்லை. மணல் செலவை மட்டும் அதன் தலையில் கட்டாதீர்கள்.