சும்மா இருந்தா குத்தமாய்யா?

சாயங்காலம் 5.30 மணிக்கு வாய்க்கால் மதகுக் கட்டையில ஒருத்தன் காலைத் தொங்கப் போட்டு உக்காந்திருந்தா, அந்தப் பக்கம் வண்டியில போற மூணு பேர்ல ரெண்டு பேர் பிரேக் போடுறாங்க. "என்ன மாப்ளே, வீட்ல ஏதும் பிரச்சினையா?" வர்றவன் போறவன் எல்லாம் உக்கார்றதுக்குன்னே திண்ணை வச்சு வீடு கட்டின தஞ்சாவூர் ஜில்லாவுல கேக்குற கேள்வி இது! அந்தத் திண்ணையையும் இடிச்சுக் கார் ஷெட் போட்டாச்சு, அது தனி வயித்தெரிச்சல்.

இப்ப எவனும் இருக்கிறபடி இருக்கக் கூடாதாம். விடியக்காலை 5 மணிக்கு எழுந்திரு, 10,000 காலடி நட, 21 நாள்ல பழக்கம் பண்ணு, படுக்கிறதுக்கு முன்னாடி நன்றி டைரி எழுது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல சித்தப்பா கோழி கூவுறதுக்கு முன்னாடி இதைத்தான் அனுப்புறார். அனுப்பிட்டு அவர் திரும்பப் படுத்துக்கிறார், அது வேற விஷயம்.

இந்த நம்பரெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாராவது கேட்டீங்களா? 10,000 அடிங்கிறது டாக்டர் எழுதின சீட்டு இல்ல. 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி, இடுப்புல மாட்டி அடி எண்ணுற கருவிக்கு 'மான்போ கெய்'னு பேரு வச்சு வித்தது. பத்தாயிரம் காலடி எண்ணுற மீட்டர்னு அர்த்தம். வியாபாரப் பேரு, அவ்வளவுதான். 2019ல அமெரிக்காவுல வயசான பெண்களை வச்சு அளந்து பாத்தப்ப, சுமார் 7,500 அடிக்கு மேல நடந்ததுல ஆயுசுக்குக் கூடுதல் பலன் எதுவும் தெரியலை. ஆனா இங்கே ராத்திரி 9.40க்கு வாட்ச்சு 8,912னு காட்டுதேன்னு, ஹால்ல சோபாவைச் சுத்திச் சுத்தி செக்கு மாடு மாதிரி நடக்கிறாங்க.

21 நாள் கதை இன்னும் மோசம். மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன். முகத்தை மாத்திக்கிட்டவங்க புது முகத்துக்குப் பழக குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு 1960ல எழுதினார். அந்தக் 'குறைஞ்சது'ங்கிற வார்த்தையை வழியில யாரோ முழுங்கிட்டாங்க. பின்னாடி லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேரை வச்சு ஆராய்ஞ்சாங்க. ஒரு பழக்கம் படிய 18 நாள்லேர்ந்து 254 நாள் வரைக்கும் கணக்கு வந்துச்சு, நடுவாந்தரம் 66. நடுவுல ஒரு நாள் விட்டுப்போனா ஒண்ணும் குடி முழுகிடலைன்னும் அதே ஆய்வுதான் சொல்லுது. ஆனா போன்ல பழக்கத்தை நாள் கணக்கா எண்ணுற ஆப் என்ன பண்ணுது? 47 நாள் விடாம செஞ்சிருப்பான். ஊர்ல தேர் இழுக்கப் போன அன்னிக்கு விட்டுப்போச்சு. மறுநாள் திறந்தா பூஜ்யம். அந்த 47 நாளும் செஞ்சது எங்கேய்யா போச்சு? அந்தப் பூஜ்யத்தைப் பாத்துத்தான் பல பேர் மொத்தமா விட்டுட்டு, 'நான் எதுக்கும் லாயக்கில்ல'ன்னு மூலையில உக்கார்றாங்க.

விடியக்காலை எழுந்திருக்கிறதுக்கு ஒரு கிளப் வேற. நாத்துப் பறிக்கப் போற பொம்பளைங்க காலங்காலமா இருட்டோட எழுந்திருக்கிறாங்க. அவங்க ராத்திரி 8.30க்குக் கட்டையைச் சாய்க்கிறாங்க. நீங்க 12 மணி வரைக்கும் ரீல்ஸ் பாத்துட்டு 5க்கு அலாரம் வச்சா மிஞ்சுறது 5 மணி நேரம். வயசு வந்த உடம்புக்குக் குறைஞ்சது 7 வேணும். பாக்கி 2 மணி நேரத்தை பைக் ஓட்டுறப்ப கண்ணைச் சொருகி உடம்பு வசூல் பண்ணிக்கும்.

இதெல்லாம் யூரியாவோட குணம் தெரிஞ்ச ஊர்ல நடக்குதேங்கிறதுதான் ஆத்திரம். பக்கத்து வயல் கரும்பச்சையா நிக்குதேன்னு இன்னொரு மூட்டை அடிச்சா என்ன ஆகும்? ஒரு வாரம் பாக்க ஜோரா இருக்கும். அப்புறம் பயிர் நெருக்கிக்கிட்டுக் காத்துப் போகாது. தூர்ல, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, சாறு உறிஞ்சுற புகையான் பூச்சி அப்பிக்கும். வயல் வட்ட வட்டமா தீஞ்ச மாதிரி காயும். தப்பிச்ச பயிரும் தண்டு வலுவில்லாம இருக்கிறதால மழைக்காத்துல சாஞ்சிடும். அதுக்குத்தானே இலையோட பச்சையை ஒப்பிட்டு உரம் வேணுமான்னு பாக்குற இலை வண்ண அட்டை இருக்கு? நட்ட 14ஆம் நாள்லேர்ந்து வாரம் ஒரு தடவை, காலையில 8லேர்ந்து 10 மணிக்குள்ள, முழுசா விரிஞ்ச மேல் இலையா 10 பாத்து, கிள்ளாம, உடம்பு நிழல் விழுறாப்ல வச்சு ஒப்பிடணும். அட்டையில இருக்கிற பச்சை நம்பர் வெள்ளைப் பொன்னிக்கு 3, மத்த நெல் ரகத்துக்கு 4. பாதி இலைக்கு மேல அதுக்குக் கீழே போனாத்தான் உரம். இல்லைன்னா அட்டையைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு வரப்பேறி வீட்டுக்கு வரணும். நெல்லுக்குப் 'போதும்'னு சொல்ல அட்டை இருக்கு. மனுஷனுக்கு எவனும் அச்சடிக்கலை. அடிச்சா சந்தா எப்படி வசூலாகும்?

விடணும்னு முடிவு பண்ணவங்க கோட்டை விடுறதும் அந்தச் சந்தாவுலதான். ஆப்பை அழிச்சுட்டா மாசாமாசம் காசு பிடிக்கிறது நின்னுடும்னு நினைக்கிறாங்க. நிக்காது. மொதல்ல பிளே ஸ்டோர்ல உங்க படத்தைத் தொட்டு சப்ஸ்கிரிப்ஷனை ரத்து பண்ணுங்க, யூபிஐ ஆப்ல ஆட்டோபேயையும் பாத்துடுங்க, அப்புறம் அழிங்க. மியூட் பண்ணி வச்சா பத்தாவது நாள் தன்னால கை போகும். எவ்வளவு நேரம் போன் பாத்தோம்னு கணக்கு சொல்ற, போன்லயே இருக்கிற 'டிஜிட்டல் வெல்பீயிங்'கையும் நம்பாதீங்க, அதுவும் ஒரு படம் போட்டு நேத்தைவிட இன்னிக்கு மோசம்னுதான் காட்டும். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, டாக்டர் சொன்ன நடை இதெல்லாம் இந்தக் கணக்குல சேராது, அது வைத்தியம். ரெண்டு வாரமா எதுலயுமே மனசு ஒட்டலை, தூக்கம் வரலைன்னா அதுவும் சும்மா இருக்கிறது இல்ல. அரசாங்கத்தோட மனநல உதவி எண் 14416க்குப் போன் போடுங்க.

உக்கார்றதுக்குத் திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறைதான் வேணும்னு இல்ல, உங்க ஊர் வாய்க்கால் படி போதும். தண்ணி தொடுற படிக்கு ரெண்டு படி மேல உக்காருங்க, கீழ்ப்படியில பாசி வழுக்கும். கோடையில மேட்டூர் திறக்கிற வரைக்கும் ஆறு வெறும் மணலா கிடக்கும், மணல்ல உக்காந்தாலும் தப்பில்ல. சம்பா வயல்ல தண்ணி கட்டி நிக்கிற மாசத்துல 6 மணிக்கு மேல கொசு பிடுங்கிடும், உள்ளே வந்துடுங்க. மொத 10 நிமிஷம் கை சும்மா பையைத் தடவும். கேஸ் புக் பண்ணலை, கரண்டு பில் கட்டலைன்னு மனசு பட்டியல் போடும். போடட்டும், எழுதி வச்சுக்காதீங்க. எழுதினா எழுந்து போயிடுவீங்க. மூச்சை எண்ணாதீங்க, டைமர் வைக்காதீங்க. 'தினம் 20 நிமிஷம் சும்மா இருப்போம், 30 நாள் சவால்'னு எவனாவது குரூப் ஆரம்பிப்பான், அதுலேர்ந்து மொத ஆளா வெளிய வாங்க.

மிச்சம், மதகுகிட்ட பிரேக் போடுறவர்தான். "என்ன மாப்ளே பண்றே?"ன்னா "சும்மா உக்காந்திருக்கேன்." அதோட வாயை மூடிக்கணும். ஆபீஸ் லீவு, தலைவலி, வீட்ல சிக்னல் கிடைக்கலைன்னு பின்னாடி ஏதாவது ஒட்டுப் போட்டீங்கன்னா, அவர் வண்டியை ஸ்டாண்டு போட்டுடுவார்.