முட்டி ஜவ்வு கிழிவது பெண் உடம்பின் குற்றமல்ல

கபடி மேட்ச். ரைடு போன பெண் போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறாள். ஒற்றைக் காலை ஊன்றி உடம்பைத் திருப்பும்போது முட்டி உள்பக்கமாகச் சரிகிறது. யாரும் அவளைத் தொடக்கூட இல்லை. உள்ளே ‘டப்’பென்று ஒரு சத்தம் கேட்கிறது. ரெண்டு மூணு மணி நேரத்தில் முட்டி பந்து மாதிரி வீங்கிவிடுகிறது. களத்தோரம் நிற்பவர்கள் உடனே, “பொம்பளப் புள்ளைங்க முட்டியே வீக்குதான்” என்கிறார்கள். அந்தப் பேச்சை மறுக்கத்தான் இந்தப் பதிவு.

ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு, முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிணைக்கும் முன்சிலுவை ஜவ்வு, அதாவது ஏ.சி.எல்., கிழிவது குறைந்தது இரண்டு மடங்கு அதிகம். இது உண்மை. 2023 மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்தில் இங்கிலாந்தின் பெத் மீட், லியா வில்லியம்சன், நெதர்லாந்தின் விவியான மீடமா மூன்று பேருமே இதனால் ஆட முடியாமல் போனார்கள். இடுப்பின் அமைப்பு, ஹார்மோன் என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். அதையெல்லாம் நம்மால் மாற்ற முடியாது. ஆனால் தொடையின் முன்தசை கால் எலும்பை முன்னால் இழுக்கிறது, பின்தொடைத் தசை அதைப் பின்னால் பிடித்து வைக்கிறது. பின்தொடை பலவீனமாக இருந்தால் மொத்த பாரமும் அந்த ஒரு ஜவ்வின் மேல் விழும். இதைப் பயிற்சியால் மாற்றலாம்.

2008-இல் வெளியான ஒரு நார்வே ஆய்வில், 13 முதல் 17 வயது வரை உள்ள கால்பந்துப் பெண்கள் ஏறக்குறைய 1,900 பேரை வைத்து ‘ஃபிஃபா 11+’ வார்ம் அப் முறையைச் சோதித்தார்கள். மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கும் பெரிய காயங்கள் கிட்டத்தட்ட பாதியும் குறைந்தன. அதற்கு மெஷின் எதுவும் வேண்டாம், 20 நிமிஷம் போதும். 8 நிமிஷம் மெதுவான ஓட்டம், 10 நிமிஷம் பலம், தாவல், சமநிலைப் பயிற்சிகள், கடைசி 2 நிமிஷம் வேக ஓட்டம். வாரம் இரண்டு நாளாவது செய்ய வேண்டும். கிரவுண்டை ரெண்டு ரவுண்டு சுற்றிவிட்டுக் காலை நீட்டித் தொடுவது இதற்கு ஈடாகாது.

பலப் பயிற்சியில் முக்கியமானது நார்டிக். மடித்த துண்டின் மேல் முட்டி போட வேண்டும், பின்னால் ஒருத்தி கணுக்காலை அழுத்திப் பிடிக்க வேண்டும். முட்டியிலிருந்து தலைவரை ஒரே நேர்கோடாக வைத்து, முடிந்தவரை மெதுவாக முன்னால் சாய்ந்து, கடைசியில் கையை ஊன்றிக்கொள்ளலாம். இடுப்பை மடக்கினால் பின்தொடைக்கு வேலையே போகாது. முதலில் 3 முதல் 5 தடவை போதும். ஆரம்பத்தில் ரெண்டு நாள் வலி இருக்கும், அதனால் டோர்னமென்ட்டுக்கு முந்தின நாள் தொடங்கக் கூடாது.

தாவி இறங்குவதைக் கோச் பக்கவாட்டில் நின்று பார்த்தால் போதாது, எதிரில் நின்று பார்க்க வேண்டும். முட்டிச் சில்லு கால் விரல்களுக்கு நேராக இருக்கிறதா, இரண்டு முட்டியும் ஒன்றையொன்று நெருங்குகிறதா என்று எதிரில் நின்றால்தான் தெரியும். போனில் ஸ்லோ மோஷனில் எடுத்து அந்தப் பெண்ணுக்கே காட்டுங்கள். இறங்கும்போது தொப்பென்று சத்தம் வந்தால் முட்டியை மடக்காமல் விறைப்பாக இறங்குகிறாள் என்று அர்த்தம்.

அடிபட்ட பிறகு நடப்பதுதான் எனக்கு அதிகக் கோபம் தருவது. சூடான எண்ணெய் போட்டு உருவி விடுகிறார்கள். முதல் ரெண்டு மூணு நாளில் சூடும் தேய்ப்பும் வீக்கத்தைக் கூட்டும். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிஷம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வைக்கலாம். எலாஸ்டிக் கட்டுப் போட்டுக் காலை உயர்த்தி வைக்கலாம், விரல் மரத்துப்போனால் கட்டைத் தளர்த்த வேண்டும். கணுக்கால் பிசகி நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே தேவை. முட்டியில் சத்தமும் சில மணி நேரத்துக்குள் வீக்கமும் இருந்தால் ஜவ்வுதான் என்று சந்தேகித்து எலும்பு டாக்டரிடம் போக வேண்டும். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது. மூணு வாரத்தில் வீக்கம் வடிந்து நடக்க வரும், சரியாகிவிட்டது என்று நினைத்து மறுபடி இறக்குவார்கள். முட்டி திடீரென்று பிடிமானம் விட்டுச் சரியும், உள்ளே இருக்கும் குஷனும் கிழியும். ஆபரேஷன் செய்தாலும் 9 மாதத்துக்கு முன் களத்தில் இறக்கக் கூடாது. அடிபட்ட காலின் தொடை பலம் மற்ற காலின் பலத்தில் 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும்.

முட்டியை மட்டும் பார்த்தால் பாதி வேலைதான். இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கும் பெண்ணை ‘ஸ்டாமினா இல்ல’ என்று திட்டி என்ன பயன்? பீட்ரூட் சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்பது நிறத்தைப் பார்த்து வந்த நம்பிக்கை. 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை, 13–15 வயதுப் பெண்ணுக்கு நாளைக்குத் தேவை சுமார் 30. ஆட்டுச் சுவரொட்டியும் ஈரலும் உண்மையிலேயே உதவும். சைவம் என்றால் சுண்டலில், கீரையில் எலுமிச்சை பிழிந்து சாப்பிட வேண்டும். பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல மாத்திரை ரத்தசோகை வராமல் தடுக்கத்தான். வந்துவிட்டால் டாக்டர் சொல்லும் அளவில் தினமும், மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். டீ, காபிக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறார்கள், அது இரும்பின் நிறம்தான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறது, ஏழு நாளுக்கு மேல் போகிறது என்றால் மாத்திரையோடு மகப்பேறு டாக்டரும் தேவை.

இன்னொரு பக்கம், பீரியட்ஸ் நின்றுபோனால் ‘நல்லதுதான், தொல்லை விட்டது’ என்று விட்டுவிடுகிறார்கள். மூணு மாதம் வரவில்லை என்றாலோ 15 வயதாகியும் வயதுக்கு வரவில்லை என்றாலோ டாக்டர் பார்க்க வேண்டும். கர்ப்பம், தைராய்டு, பி.சி.ஓ.டி. எதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு இல்லை என்பதுதான் காரணம். அப்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து எலும்பு தேயும். முட்டிக்குக் கீழே முன் எலும்பில் ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டும்படி வலித்தால் அது எலும்பு விரிசலாக இருக்கலாம், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். ஹார்மோன் மாத்திரை கொடுத்து ரத்தம் வரவைத்தால் எலும்பு தேறிவிடாது, சாப்பாடுதான் கூட வேண்டும். காலை அஞ்சரை மணிப் பயிற்சிக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லாதீர்கள். வாழைப்பழம், கடலை மிட்டாய், முடிந்ததும் ரெண்டு முட்டை.

தாவும்போது சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிவதைப் பல பெண்கள் வெளியே சொல்வதில்லை. அடி இடுப்புத் தசையை, சிறுநீரை அடக்குவது போல உள்ளிழுத்து எட்டு நொடி பிடித்து விட வேண்டும். எட்டுப் பத்துத் தடவை, நாளைக்கு மூணு வேளை, மூணு மாதம் செய்தால் பெரும்பாலும் குறையும். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகக் கூடாது.

கடைசியாக டோர்னமென்ட் நடத்துகிறவர்களுக்கு. கழிப்பறை இல்லாததால் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். வெயிலில் தசை பிடிப்பதும் அடுத்த நாள் நீர்க்கடுப்பில் துடிப்பதும் அதனாலும் இருக்கலாம். கபடி மேட் விரிப்புக்கும் மைக் செட்டுக்கும் ஒதுக்கும் பணத்தில் பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள இரண்டு கழிப்பறை, பக்கெட் நிறையத் தண்ணீர், நாப்கின் போட மூடி வைத்த ஒரு டப்பா. முதல் மேட்ச் விசில் அடிக்கும் முன் இதைச் சரிபாருங்கள்.