எலி தின்னதை நம்புவீங்க, என் கேள்வியை நம்ப மாட்டீங்க

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்து வீடியோவை வச்சு ஆளாளுக்கு லந்து பண்ணி முடிச்சாச்சுல்ல? இனி நான் பேசலாமா?

அந்தக் கூட்டத்துல நான் கேட்டது ஒரே கேள்வி. டன் கணக்குல போதைச் சரக்கு கடல் தாண்டிப் போகுதே, எந்த அரசாங்கத்துலயும் யாருக்கும் தெரியாமலா போகுது? உடனே மேடையில இருந்த தம்பி, "ஐயா வாட்ஸ்அப் பல்கலைக்கழகத்துல டாக்டர் பட்டம் போல"ன்னார். மண்டபமே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சு வச்சேன், வேற என்ன செய்ய.

தம்பி, நான் 28 வருஷம் உசிலம்பட்டிப் பக்கம் வரலாறு எடுத்தவன். கிழக்கிந்தியக் கம்பெனி விவசாயிக்கு முன்பணம் கொடுத்து அபினிச் செடி போட வச்சான். பாட்னாவுலயும் காஜிப்பூர்லயும் பெட்டி கட்டி, கல்கத்தாவுல ஏலம் விட்டான். அதைச் சீனாவுக்குக் கடத்தினது தனி வியாபாரிங்க. கம்பெனி கை சுத்தம் பாருங்க! 1839ல சீன அரசு அதிகாரி லின் சேஷு 20,000 பெட்டிக்கு மேல பிடுங்கி அழிச்சார். பதிலுக்குப் பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்துச்சு. 1842ல ஹாங்காங்கே பிரிட்டிஷ்காரன் கைக்குப் போச்சு. இதைச் சந்தேகம்னு சொல்றதா, பத்தாங்கிளாஸ் பாடம்னு சொல்றதா?

"அதெல்லாம் பழங்கதை"ம்பீங்க. சரி. ஹோண்டுராஸ் அதிபரா இருந்த ஹெர்னாண்டஸ், போதை ஒழிப்புல அமெரிக்காவுக்குக் கூட்டாளி. அதே ஆளுக்கு 2024ல நியூயார்க் கோர்ட் கொக்கைன் கடத்தல் வழக்குல 45 வருஷம் போட்டுச்சு. 2025 கடைசியில ட்ரம்ப் மன்னிச்சு விட்டுட்டார். மெக்சிகோவுல பொதுப் பாதுகாப்பு (போலீஸ்) மந்திரியா இருந்த கார்சியா லூனா, கடத்தல்காரன்கிட்டயே காசு வாங்கினதா 2023ல குற்றவாளின்னு தீர்ப்பு. வாட்ஸ்அப்ல வந்ததில்லப்பா, கோர்ட்ல வந்தது.

"சிஐஏ கதையை ஆரம்பிச்சுட்டாரு"ன்னு ஒருத்தர் கமெண்ட். அமெரிக்க உளவுத்துறைதான் சிஐஏ. அது ஆதரிச்ச நிகரகுவா கிளர்ச்சிக்காரங்களுக்குக் கொக்கைன் வியாபாரத்தோட தொடர்புன்னு கேரி வெப்ங்கற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1996ல எழுதினப்பவும் பெரிய பத்திரிகைகளே அவரைப் பிரிச்சு மேஞ்சுச்சு. 1998ல சிஐஏவோட சொந்த விசாரணையே, கடத்தல் புகார் இருந்தவங்களோட உறவை அறுத்துக்காம இருந்ததை ஒத்துக்கிச்சு. அவர் எழுதினது அத்தனையும் சரின்னு நான் சொல்லல. சந்தேகப்படுறவன் பைத்தியம் இல்லைன்னுதான் சொல்றேன்.

"அப்ப நம்ம அரசாங்கத்தையும் சொல்றீங்களா?" சொல்லலப்பா. 2021ல குஜராத் முந்த்ரா துறைமுகத்துல 3,000 கிலோகிட்ட ஹெராயினைப் பிடிச்சதே அரசாங்கம்தானே. 2022ல மதுரா போலீஸ் (நம்ம ஊரு இல்லப்பா, கண்ணன் பிறந்த வடமதுரை) 500 கிலோவுக்கு மேல கஞ்சாவை எலி தின்னுடுச்சுன்னு கோர்ட்ல சொன்னாங்க. எலியை நம்புறோம். வாத்தியாரைத்தான் நம்ப முடியல.

ஏன் இந்தக் கேள்வியையே பிடிச்சுத் தொங்குறேன்னு கேட்டீங்கள்ல? என் தங்கச்சி மகன், 19 வயசு. ரெண்டு பொட்டலத்தோட பிடிபட்டான். ராத்திரி பூரா ஸ்டேஷன் வாசல்ல நானும் தங்கச்சியும் நின்னோம். இவன் வாங்கினது தப்பு, அடிச்சாலும் தகும். வித்தவன் யாரு, அவனுக்கு மூட்டையா கொடுத்தவன் யாருன்னு கேட்டேன். "சார் வாத்தியாரா? பாடம் மட்டும் நடத்துங்க"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சாங்க. ஞாயிற்றுக்கிழமை கேட்டது அதே சிரிப்புதான். பையன் இப்பக் காலேஜ் போறதில்ல.

ஹாஹா போட்ட 43 பேர்ல என்கிட்டப் படிச்சவங்க 6 பேர். பேரெல்லாம் பார்த்தேன்.

அந்த வீடியோவுல மூணாவது வரிசையில, பச்சைச் சேலையில, சிரிக்காம உட்கார்ந்திருக்கிறது என் தங்கச்சி. இனி ஷேர் பண்றவங்க அந்த இடத்தை மட்டும் வெட்டிட்டுப் போடுங்கப்பா. என் மூஞ்சி இருந்துட்டுப் போகட்டும்.