ரசிகர் கத்தினால் மேனேஜர் வெளியேற வேண்டும் என்று பேஸ்பால் விதி சொல்லவில்லை

'ரசிகர்களின் பேச்சுக்கும் அணியின் மேனேஜரே பொறுப்பு என்பது பேஸ்பால் விதி. ஏரன் பூன் அதன்படிதான் வெளியேற்றப்பட்டார்' என்று ஒரு காணொளியுடன் பரவும் செய்தி தவறானது.

2024 ஏப்ரல் 22 அன்று, ஓக்லாண்டு அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஐந்து பந்துகளே வீசப்பட்டிருந்த நிலையில், நடுவர் ஹன்டர் வெண்டல்ஸ்டெட் அமெரிக்காவின் நியூயார்க் யாங்கீஸ் அணியின் மேனேஜர் (ஆட்டத்தில் அணியை வழிநடத்துபவர்) பூனை முதலில் எச்சரித்தார். பூன் அதன்பின் வாய் திறக்கவில்லை; வீரர்கள் அமரும் இடத்துக்கு மேலே இருந்த ரசிகர் ஒருவர் கத்தியதும் நடுவர் கையை உயர்த்தி பூனை வெளியேற்றியது காணொளியில் தெளிவாகத் தெரிகிறது.

ஆனால், ரசிகர் பேச்சுக்காகத் தாம் யாரையும் வெளியேற்றியதே இல்லை என்றும், குரல் அணியினர் பக்கமிருந்து வந்ததாகக் கருதியதால் மேனேஜரை அனுப்பியதாகவும் வெண்டல்ஸ்டெட் ஆட்டம் முடிந்தபின் விளக்கினார். அவர் ஆளை மாற்றிக் கணித்தார் என்பதே சரி. பூனுக்கு நேர்ந்தது அநியாயம்தான்.

பேஸ்பால் விதி 8.01, தீர்ப்பை எதிர்ப்பவரையோ முறைகேடாக நடப்பவரையோ, அவர் வீரரானாலும் பயிற்சியாளரானாலும் மேனேஜரானாலும், வெளியேற்றும் அதிகாரத்தை ஒவ்வொரு நடுவருக்கும் அளிக்கிறது. அனுமதியின்றி மைதானத்துக்குள் நுழையும் பார்வையாளரையும் அதே விதியின்படி அவர் அப்புறப்படுத்தலாம்.